சொல்யூஷனில் ஒட்டிய மகன்

தையலம்மாவின் வீட்டுக்கு மூத்த மகன் வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை, மாலை நாலேகால் மணிக்கு. சோபாவுக்குப் பின்னால், மார்பு வரைக்கும் வந்திருந்தான். அதற்குக் கீழே என்ன இருந்தது என்று வீட்டில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வீடு தேடி வந்த பிள்ளையை அப்படிப் பார்ப்பது மரியாதையும் இல்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிறவர்களுக்கே உரிய அந்தத் திகைத்த முகம். வீட்டிலிருந்த மற்ற மூன்று பேருடைய நிழலும் வலது பக்கம் விழுந்திருக்க, அவனுடையது மட்டும் இடது பக்கம் விழுந்தது. கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்கல்லாம் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டான். அன்று சாயங்காலமே அவனுக்கு ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைக்கப்பட்டது.

இதற்கெல்லாம் காரணம் ஒட்டுக்காரி. மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்கிற அகலத்தில் அவளுடைய கடை இருந்தது. ஸ்டூடியோக்காரர்கள் அனுப்புகிற படங்களை அட்டையில் ஒட்டிக் கொடுப்பது தொழில். ஆனால் அவள் பேர் வாங்கியது குரூப் போட்டோவில் இல்லாதவர்களை வெட்டி ஒட்டிச் சேர்ப்பதில்தான். அந்த ஊரில் எந்தக் குடும்பமும் ஒரே நாளில் முழுசாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. ஒருவர் வேலையில் இருப்பார், ஒருவர் கோபத்தில் இருப்பார். அவர்களையெல்லாம் ஒட்டுக்காரிதான் கொண்டுவந்து நிறுத்துவாள். ஒட்டப்பட்டவர்கள் எல்லாரும் வீட்டுக்கே வந்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் மாடிப்படியில் ஒரு இருமல், வாசலில் ஒரு ஜோடி கூடுதல் செருப்பு என்ற அளவில் நின்றுவிடும். மார்பு வரைக்கும் ஆளே வந்தது அவள் கணக்கில் இது இரண்டாவது தடவை.

துணி தைத்துக் கொடுக்கிற தையலம்மாவின் மூத்த மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போய் மூன்று வருஷமாகியிருந்தது. கடிதம் கிடையாது. எதற்கோ எடுத்து மிஞ்சிய ஒரு பாஸ்போர்ட் போட்டோ மட்டும் அலமாரியில் கிடந்தது. அதையும், கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்காகச் சோபாவில் உட்கார்ந்து எடுத்த பெரிய படத்தையும் அவள் கொண்டுவந்து கொடுத்தாள். படத்தில் அவள், மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற அவள் கணவர், மகள், மூன்றே பேர். "பெரியவனையும் பின்னால நிக்க வச்சிடும்மா. சோபா மறைச்சுக்கும், காலெல்லாம் வேண்டாம்" என்றாள். அந்த வீட்டில் மூத்த மகனுக்குப் பெரியவன் என்றுதான் பேர்.

ஒட்டுக்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் படத்தில் கத்தரி வைப்பதற்கு முன்னால், ஸ்டூடியோக்களில் ஆள் வந்து வாங்காமல் போன பழைய பாஸ்போர்ட் போட்டோ ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்துக்கொள்வாள். கத்தரியின் கூரும் கையின் நிதானமும் அதில் தெரிந்துவிடும். அப்படி வந்து வாங்காத படங்கள் ஒரு இழுப்பறை நிறைய இருந்தன. அன்றைக்கும் அப்படி ஒன்றை வெட்டினாள். பிறகு பெரியவனை வெட்டினாள். பசையும் சோதித்துவிடலாமே என்று இரண்டின் முதுகிலும் ரப்பர் சொல்யூஷன் தடவிக் குப்புறப் போட்டு வைத்தாள். சைக்கிள் பஞ்சருக்குப் போடுகிற சொல்யூஷனின் அண்ணன் தம்பிதான் அதுவும். படத்தின் முதுகிலும் அட்டையிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, ஒரே அழுத்து. அழுத்திய பிறகு ஒரு மயிரிழை நகர்த்த பிரம்மாவாலும் ஆகாது. அந்தப் பதம் வருகிற நேரம் பார்த்துச் சாவிக் கடைக்காரர் சில்லறை கேட்டு வந்தார். கதவு திறந்தது, காற்று புகுந்தது, ஒரு படம் சறுக்கிச் சொல்யூஷன் டப்பாவுக்கு அடியில் போனது. போனது எது என்று பார்க்காமல் அவள் மிச்சமிருந்ததை எடுத்து ஒட்டிவிட்டாள். பாஸ்போர்ட் போட்டோவில் எல்லாரும் ஒரே குற்றத்துக்குப் பிடிபட்டவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். அவள் என்ன கண்டாள், பாவம்.

தையலம்மா படத்தை வாங்கி, பொத்தானுக்கு ஒரு காஜா எடுக்கிற நேரம் பார்த்தாள். முந்தானைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒட்டுக்காரி அதைப் பெற்றவளின் நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு, அன்று முழுக்கத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

பெரியவன் நல்லவனாக அமைந்தான். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை கிடைத்தது. அங்கே எல்லாருமே மார்பு வரைக்கும்தானே தெரிகிறார்கள். வீட்டிலிருந்து நிலையம் வரை ஒரு சுவர் முடிகிற இடத்தில் மறைந்து அடுத்த சுவர் தொடங்குகிற இடத்தில் தெரிவான். நடுவில் அவனைப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. தையலம்மா அவனுக்குப் பை வரைக்கும் மட்டும் சட்டை தைத்தாள், துணி பாதி மிச்சம். டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்வான். சொல்லிவிட்டு, வந்ததற்கு இன்னொரு நன்றி சொல்வான். சோபாவைத் தினம் துடைப்பான். மீட்டர்காரர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபோது, கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் நாற்பத்தொரு நாள் நின்று அவருக்கு விசிறினான். தங்கைக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் படிக்க வைத்து, ஒட்டுக்காரியின் கடைக்கு அடுத்த மருந்துக்கடையிலேயே அவள் வேலைக்குச் சேரும்வரை விடவில்லை. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒட்டுக்காரிக்கு ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. தையலம்மா அவள் கடை இருக்கிற பக்கம் வருவதே இல்லை. தூரத்தில் பார்த்தாலே தெருவைக் கடந்து எதிர்ப்புறம் போய்விடுவாள். நல்லது செய்த கையை இப்படியா மதிப்பது என்று ஒட்டுக்காரிக்கு மனத்தாங்கல்.

ஒன்பதாவது வருஷக் கோடையில் மருந்துக்கடைப் பெண் கடைவாசலில் வந்து நின்றாள். "அக்கா, எங்கண்ணனுக்கு ஓரம் தூக்குது" என்றாள். மறுநாள் அவனே வந்து கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றான். கழுத்துப்பட்டை மஞ்சளித்திருந்தது. இடது தோள், படித்துப் படித்து நைந்த புத்தகத்தின் முனையைப் போல மடங்கி நின்றது. பின்னால் ஒரு வண்டி கடந்து போன காற்றுக்கே ஆடினான்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள்.

"மூணு மாசமாக்கா. சொல்லக் கூச்சமா இருந்துச்சு. வீட்ல ஃபேனை நிறுத்திட்டாங்க. இந்த வெயில்ல அப்பா வேர்த்து ஊத்திக்கிட்டுப் பேப்பர் படிக்கிறார். எனக்கு அதைத்தான் தாங்க முடியல. என்னைப் பத்தி ஒண்ணுமில்ல."

ஒட்டுக்காரி மடங்கிய தோளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். சொல்யூஷனின் குணம் இந்த ஒன்பது வருஷத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒட்டுகிற அன்றைக்கு அவ்வளவு சமர்த்து; சில வருஷத்தில் மஞ்சளிக்கும், பிறகு காய்ந்து பொடியாகும், கடைசியில் கையை விட்டுவிடும், போகிறபோது கறையையும் வைத்துவிட்டுப் போகும். மேலே கொஞ்சம் தடவி அமுக்கினால் கறைமேல் கறைதான். பழைய பசையை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். அதற்கு அவனைப் படத்திலிருந்து முழுசாகக் கழற்ற வேண்டும். கழற்றிய நேரத்தில் அவன் எங்கே இருப்பான், திரும்பி வருவானா என்பது யாருக்கும் தெரியாது. "ஒரு மாசம் குடு. அதுவரைக்கும் காத்துப்படாம இரு" என்று அனுப்பிவைத்தாள்.

எந்தப் பசை என்பதுதான் கேள்வி. பழைய ஆவணங்களைப் பாதுகாக்கிற அலுவலகத்தில் வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், இந்தத் தொழிலின் முதல் விதி என்று ஒன்றைச் சொல்லியிருந்தார்: எதை ஒட்டினாலும், ஒட்டியதற்குச் சேதமில்லாமல் திரும்ப எடுக்க வர வேண்டும். அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்க்கக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட இரண்டாவது விதி. ஆகவே தன்னைப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டாள், ஒரு டஜன். கடை அட்டையிலேயே ஒவ்வொன்றாக ஒட்டிப் பலனைத் தானே அனுபவித்தாள்.

இருபுறமும் ஒட்டுகிற டேப் முதலில். அன்று பஸ்ஸில் உட்கார்ந்தவளை இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டரும் இரண்டு பயணிகளும் சேர்ந்து பிய்த்தெடுத்தார்கள். தலைமுடி, பஞ்சு, பழைய டிக்கெட் எல்லாம் அவளைத் தேடி வந்து அப்பிக்கொண்டன. வெயில் ஏற ஏறப் பசை இளகி, நின்ற இடத்திலேயே அவள் கீழே சறுக்கினாள். வார முடிவில் கண்ணாடியில் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. அடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குச்சிப் பசை. வியாழக்கிழமை வரை தாங்கியது. வெள்ளிக்கிழமை காலை பிடி விட்டுப்போக, பாலுக்குப் போய் நின்றவளைத் தாண்டிப் பால்காரர் பின்னால் நின்றவருக்கு ஊற்றினார். மூன்றாவது, தச்சர்கள் பயன்படுத்துகிற வெள்ளைப் பசை. அதில் ஒரு குறையும் இல்லை, அசைக்க முடியாத பிடி. ஆனால் ஒருமுறை என்ன சொன்னாளோ அதிலேயே நின்றாள். நாத்தனார் வீட்டுக்கு வருவதாகச் சொன்னதை மாற்ற முடியவில்லை, வேண்டாம் என்று சொன்ன குழம்பைப் பசித்தும் கேட்க முடியவில்லை. "ஒரு சொல்லு சொன்னா அதே சொல்லு. இப்படியே இருந்துடேன்" என்று அவள் வீட்டுக்காரர் மட்டும் சந்தோஷப்பட்டார். வாரம் முடிந்து உரித்தபோது அட்டையோடு இடது புருவத்தில் பாதியும் போய்விட்டது. அது இன்றுவரை முளைக்கவில்லை.

சுவரொட்டிக்காரர்கள் காய்ச்சுகிற மைதாப் பசையை முயன்றாள். பூச்சி வராமலிருக்க அவர்கள் போடுகிற மயில்துத்தம் அதில் இருந்ததால் முகம் பச்சையோடி, நாக்கில் செப்புக்காசு ருசி தட்டியது. கடைசியில், கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்து அலசி அலசி, ரப்பர் மாதிரி இழுபடுகிற பிசினைத் தள்ளிவிட்டு, அடியில் தங்கிய வெள்ளை மாவை மட்டும் எடுத்து, வேறெதுவும் சேர்க்காமல் கிளறிக் காய்ச்சி, ஆறவிட்டுத் துணியில் மூன்று முறை வடிகட்டினாள். படத்தின் முதுகு முழுக்கப் பூசவில்லை. ஈரம் கூடினால் போட்டோவின் முகமே பொங்கிவிடும். மெல்லிய காகிதத்தில் இரண்டு சின்னக் கீற்று வெட்டி, அதில் மட்டும் தடவி, அதைப் பிடிமானமாக்கி ஒட்டினாள். ஒரு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. நடந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், சொன்ன பேச்சை இரண்டு தடவை மாற்றினாள். புத்தகப்பூச்சி ஒன்று மட்டும் காதோரம் வந்து மோந்துவிட்டுப் போனது. எட்டாம் நாள் வெதுவெதுப்பான ஈர ஒற்றுத்தாளை ஐந்து நிமிஷம் அந்தக் கீற்றுகளின்மேல் வைத்தாள். படம் சிணுங்காமல் கையோடு வந்தது. மிச்சமிருந்த வலது புருவம் அப்படியே இருந்தது. ஒட்டுக்காரி ஸ்டூலில் உட்கார்ந்து, மாவு ஒட்டிய கைகளைக் கும்பிடுகிற மாதிரி சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவ்வளவு நிம்மதி.

இனி இந்தக் கடையில் சொல்யூஷன் கிடையாது என்று தீர்மானித்து, பழைய டப்பாவை எறிவதற்காகப் பெயர்த்தாள். அடியில், பலகையோடு ஒட்டிக்கொண்டு, மஞ்சளாக, வெட்டிய போட்டோத் தலை ஒன்று இருந்தது. எந்த ஆர்டருக்காக வெட்டுகிறாளோ அதன் எண்ணைப் படத்தின் முதுகில் பென்சிலில் குறித்துவைப்பாள். நகத்தால் கிளப்பித் திருப்பினாள், தையலம்மாவின் எண் இருந்தது. அப்படியானால் ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் சோறு தின்பது யார் என்பதை நினைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்த அம்மாள் ஏன் தெருவைக் கடந்து போனாள் என்பதும் இப்போது விளங்குவது போலிருந்தது. மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறுநாள் காலை, கழற்றி ஒட்டுவதற்காகப் படத்தோடு குடும்பமே கடைக்கு வந்தபோது, தையலம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு அந்தத் தலையை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"அம்மா, என்னை என்ன வேணா திட்டுங்க. உங்க புள்ளை இதுதான். நான் ஒட்டினது யாரையோ. யாரும் வந்து வாங்காத படம். எப்படியும் இன்னிக்குக் கழட்டத்தான் போறேன். சொல்லுங்க, இவரை ஒட்டிடறேன்."

தையலம்மா அந்தச் சின்ன முகத்தை விரலால் தடவினாள். கண் நிறைந்தது, சும்மா சொல்லக் கூடாது, பெற்ற மனம்.

"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். "அன்னிக்கு இந்த மேஜையிலயே தெரிஞ்சுதும்மா. மறுநாள் வந்து உன்னோட சண்டை போடணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவன் வந்து நின்னு, சாப்பிட்டாச்சான்னு கேட்டுட்டான். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? உன்கிட்ட சொன்னா மாத்தி ஒட்டிடுவியோன்னு பயம். அதான் உன் கடைப் பக்கமே வரல."

"அப்ப இவரு?"

"இவன் வரணும்னா நடந்து வரட்டும். கடவுள் ரெண்டு காலு குடுத்திருக்கான். வெளியில நிக்கிற அவனுக்குத்தான் காலும் இல்ல, நம்மள விட்டா ஆளும் இல்ல. நம்ம வீட்டு அட்ரஸ் மாறலன்னு இவனுக்கு ஒரு கடுதாசி போடறேன்." சொல்லிவிட்டுப் பெற்ற பிள்ளையின் முகத்தை ஊசி டப்பாவுக்குள், பட்டுத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள். அதே டப்பாவிலிருந்து ஒரு பட்டு நூலை இழுத்து ஒட்டுக்காரியிடம் கொடுத்தாள். கத்தி கித்தி வைக்காமல் இதைப் பின்னால் விட்டு அறுத்து எடு என்றாள்.

வேலை தொடங்குமுன் ஒட்டுக்காரி கவுண்டருக்கு வந்து, அவனிடமும் உள்ளதைச் சொன்னாள். அவன் தலையசைத்தான். "தெரியும்கா. அவங்க கூப்பிடற பேர் என் பேர் இல்லையே. ஒரு வேலைக்கு அப்ளிகேஷன் போட எடுத்த படம் அது. எடுத்தப்புறம், போட்டு என்ன ஆகப்போகுதுன்னு வாங்கவே வரல. அதுக்கப்புறம் நான் எங்க இருந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நீங்க தப்பு பண்ணினதாலதான் ஒரு வீட்ல ஒன்பது வருஷம் இருந்தேன். வந்தா வரேன், வரலேன்னா, உங்க கைக்கு நான் நன்றி சொன்னேன்னு வச்சுக்குங்க." ஒட்டுக்காரி கை நீட்டி, அவன் மஞ்சள் கழுத்துப்பட்டையை ஒருமுறை நீவி விட்டாள்.

நூல் உள்ளே போய் மறுபுறம் வந்தபோது கவுண்டருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. படத்தின் துண்டு ஒற்றுத்தாளில் கிடந்தது, தும்மினால் பறந்துவிடும் கனம். கெட்டிப்பட்ட பழைய பசையை ரப்பர் கட்டியால் உருட்டி உருட்டி எடுத்தாள், முதுகு முழுக்க, அவசரப்படாமல். கழுத்துக் கறை போகவில்லை. அதை அப்படியே விட்டாள். பிறகு காகிதக் கீற்றுகள், கோதுமைப் பசை, மேலே ஒற்றுத்தாள், அதன்மேல் கண்ணாடி, அதன்மேல் இஸ்திரிப் பெட்டி. காய ஒரு மணி நேரம். மீட்டர்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் கடைவாசலில் நல்ல வெயில் அடித்தும் அவர்கள் மூன்று பேருக்கும் நிழல் விழவில்லை. ரயில் நிலையத்தில் மூன்றாம் கவுண்டருக்கு முன்னால் பதினேழு பேர் முணுமுணுக்காமல் நின்றிருந்தார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கடைத் தரையில் ஒரு நிழல் இடது பக்கமாக நீண்டது. அதைப் பார்த்து எல்லாரும் நிமிர்ந்தார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவன் நின்றிருந்தான், தோள் படிந்து, நேராக. "கழுத்து லேசா இருக்கு" என்றான். மீட்டர்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்று யாரிடமோ சொன்னார். மகள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் கலந்து செய்தாள்.

ஒட்டுக்காரி படத்தைத் திருப்பி, முறைப்படி அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். பின்னாளில் எந்தக் கை இதைத் தொட்டாலும் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுவது அது. முதல் வரி: ஒட்டியது கோதுமைப் பசையில், இரண்டு இடத்தில். இரண்டாவது வரி: கழற்ற வேண்டுமானால் வெதுவெதுப்பான ஈரம், ஐந்து நிமிஷம். தையலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மேஜையில் கிடந்த அழிரப்பரை எடுத்து, இரண்டாவது வரியை, ஓர் எழுத்தின் சுவடுகூடத் தெரியாத அளவுக்கு, நிதானமாக அழித்தாள். தொழிலின் முதல் விதியே அந்த அழிந்த வரிதான். ஒட்டுக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள், தடுக்கவில்லை. தையலம்மா பொடியை ஊதிவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்றாள்.

இது நடந்து பதினாலு வருஷம் ஆகிறது. அந்தப் படம் இன்னும் கடைக்குத் திரும்ப வரவில்லை.